மூக்கு தேயாத காசு

காது இரண்டும் அப்படியே இருந்து மூக்கு மட்டும் வழித்தெடுத்தாற்போல் மழுங்கிப்போன செப்புக்காசு ஏர்முனையில் தட்டுப்பட்டால், எங்கள் சேபா ஆற்றங்கரையில் இன்றைக்கும் அதை யாரும் வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. கட்டைவிரலால் ஒரு தரம் தடவிவிட்டு வரப்பிலேயே போட்டுவிடுவார்கள். எதற்குத் தடவுகிறோம் என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. இரோவா அரசர்கள் இருந்த காலத்துக் காசு அது. அந்த அரசர்களின் பொன்னையும் வெள்ளியையும் யார் யாரோ உருக்கிக்கொண்டு போனார்கள். மண்ணுக்குள் மிச்சம் கிடப்பது கெட்டவர்களின் முகங்கள்தான்.

பெரிய காசில் நாரை இருக்கும். சின்னக் காசில், ஓர் உயிர் போகக் காரணமாக இருந்தவன் முகம் இருக்கும். கத்தி எடுத்துக் குத்தியவனுக்கு வேறு தண்டனை. குத்தாமல் கொன்றவனுக்குத்தான் காசு. மன்றத்தில் தீர்ப்பானதும் அவனை உட்காரவைத்து, மூக்கு துருத்திக்கொண்டு நிற்கும்படி நேர்முகமாக அச்சு வெட்டி, ஒரு கூடைக் காசு அடித்துச் சந்தையில் விடுவார்கள். ஆளை அக்கரைக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் முள்ளங்கி வாங்கினாலும் சரி, உப்பு வாங்கினாலும் சரி, கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் அந்த மூக்கில் ஒரு தேய்ப்புத் தேய்க்க வேண்டும். ஊர் மொத்தமும் தேய்த்து மூக்கு மறைந்துபோனால் ஊரின் கோபமும் தேய்ந்துவிட்டது என்று கணக்கு. அவன் திரும்பி வர வேண்டும்.

படகுக்காரன் ஹசூக்குக்கும் அப்படித்தான் காசு அடித்தார்கள்.

வெள்ளத்தில் அவனுடைய பெரிய படகுக்குப் பின்னால் ஒரு நாணல் தெப்பம் கயிற்றில் வந்துகொண்டிருந்தது. தெப்பத்தில் இருந்தது பெரிக். மீசை அரும்பாத பிள்ளை. விலாங்குமீனுக்குப் புகைபோடுகிற உல்மெத்தின் ஒரே மகன். தண்ணீர் சுழித்தபோது தெப்பம் படகைப் பின்னால் இழுத்தது. படகில் அரண்மனைக்குப் போகிற எண்ணெய்ச் சாடிகள் இருந்தன. இரண்டு சாடியைத் தள்ளியிருந்தால் போதும், பாரம் குறைந்து படகு மீண்டிருக்கும். ஹசூக் கயிற்றை அறுத்தான். மன்றத்தில் கேட்டபோது அவன் தலையைக்கூடக் குனியவில்லை. "சாடியத் தள்ளிட்டு வந்தா அரண்மனைக்கு யாரு பதில் சொல்றது?" என்றான்.

அந்த வார்த்தைக்காகவே உல்மெத் அவனை விடுவதாக இல்லை. ஊர் தேய்க்கட்டும், தேய்த்துக்கொண்டே இருக்கட்டும். அவள் ஒரு காசை, அச்சிலிருந்து விழுந்த சூடு ஆறுவதற்குள் எடுத்து, எருமைக்கொம்புக்குள் வாத்துக்கொழுப்பு அடைத்து அதற்குள் புதைத்துவைத்தாள்.

வெள்ளம் வடிந்து முடிந்ததும் எங்கள் கொர்மாத் ஊரில் விரல்நாள் வரும். மூக்குக்காசு யாரிடம் இருந்தாலும் அன்றைக்குக் கிணற்றடிக்குக் கொண்டுவர வேண்டும். பார்வை இல்லாத ஒருத்தி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பாள். கண்ணிருந்தால் முகத்தைப் பார்த்து இரக்கமோ எரிச்சலோ வந்துவிடும் என்று அப்படி ஓர் ஏற்பாடு. அந்தக் காலத்தில் விரல்காரியாக இருந்தவள் கொசெத். ஒரே ஒரு காசில் மூக்கு தட்டுப்பட்டாலும், "இருக்கு" என்பாள். அவ்வளவுதான், அந்த முகத்துக்காரன் இன்னும் ஒரு வருடம் அக்கரையில்.

பெட்டியில் பூட்டிவைத்த காசு செல்லாது. கையில் புழங்கிய காசாக இருக்க வேண்டும். அதற்கும் உல்மெத் வழி வைத்திருந்தாள். விரல்நாளுக்கு முதல்நாள் கொழுப்பைத் துடைத்துவிட்டுச் சந்தைக்குப் போய், காய் விற்கிற பர்சூக்கிடம் ஒரு முள்ளங்கி வாங்கிக்கொண்டு அந்தக் காசைக் கொடுப்பாள். பர்சூக் மறுநாள் அதைக் கிணற்றடியில் நீட்டுவான். அன்று மாலையே அவள் ஒரு விலாங்கைக் கொடுத்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்வாள்.

"தேய்க்கணுமே அத்தே," என்பான் பர்சூக், காசை விரல்நுனியில் பிடித்துக்கொண்டு.

"தேச்சுக்கோ. யாரு வேண்டாங்கறா."

"கொழுப்பு வழுக்குது. விரலு மூக்குல நிக்கவே மாட்டேங்குது."

"அப்ப அது உன் விரலோட குத்தம். எம்மேல ஏன் பாயற?"

ஊருக்கே இது தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் யார் போய்ச் சட்டம் பேசுவது? ஹசூக்கோடு அக்கரைக்குப் போன வேறு இரண்டு பேர் மூக்கு தேய்ந்து திரும்பி வந்து, பேரன் பேத்தி எடுத்தும்விட்டார்கள். ஹசூக்கின் மூக்கு மட்டும் நேற்று அடித்ததுபோல் நின்றது.

ஒரு வருடம், வெள்ளம் இறங்கத் தொடங்கிய சமயம், உல்மெத் புகைக்கொட்டிலில் விலாங்குகளைக் கம்பில் கோத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தால் லோனெத். ஹசூக்கின் மகள். அப்பன் போனபோது பல் விழுந்த சிறுமியாக இருந்தவள், இப்போது வலை பின்னிப் பிழைக்கிற வளர்ந்த பெண். அந்த வீட்டில் மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான்.

"வந்துட்டியா," என்றாள் உல்மெத், கையை நிறுத்தாமல். "வருவேன்னு நெனச்சேன். ஒங்கம்மாவும் வருசா வருசம் வந்து அழுதுட்டுப் போவா. இந்த வருசம் ஒன் மொறையா?"

"அழ வரல பெரியம்மா."

"அப்ப விலாங்கு வாங்க வந்தியா?"

"காசத் தேச்சிருங்கன்னு சொல்ல வந்தேன்."

உல்மெத் சிரித்தாள். புகையில் கறுத்த பல். "சொல்லிட்டல்ல, கெளம்பு. அங்க நின்னா புகை கண்ணக் கரிக்கும். அப்புறம் லோனெத் அழுதான்னு ஊரு எம்மேல பழி போடும்."

லோனெத் போகவில்லை. உள்ளே வந்து, கவிழ்த்துவைத்த கூடைமேல் உட்கார்ந்துகொண்டாள்.

"அவரு அக்கரையில எப்படி இருக்காருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"எப்படியும் இருக்கட்டும். நாடு கடந்து கெடக்கறான்ல, அது போதும்."

"மூணு படகு வெச்சிருக்காரு. வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டாரு. அவரு போனா அங்க எந்திரிச்சு நிக்கறாங்களாம், மாமா மாமான்னு கூப்பிடறாங்களாம். அங்க நம்ம காசு செல்லாதே பெரியம்மா, அவரு மூக்கு அங்க யாருக்குத் தெரியும்?"

உல்மெத்தின் கையில் இருந்த விலாங்கு கம்பிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது.

"பொய் சொல்றடி நீ."

"உப்புப் படகுக்காரங்களக் கேளுங்க. வருசா வருசம் எங்கம்மா ஆளு அனுப்புவா. நட்டாத்து மணல்திட்டு வரைக்கும் அவரு வந்து எங்களப் பாக்கலாம், அதுக்குச் சட்டம் எடம் குடுக்குது. வரவே மாட்டாரு. 'மூக்கு இருக்கறவரைக்கும் எப்படித் தலைகாட்டறது, வெக்கமா இருக்கு'ம்பாரு. நீங்க அந்தக் காசக் கொழுப்புல வெச்சுக் காப்பாத்தறீங்க. அவரு அதச் சொல்லியே எங்களக் கைகழுவிட்டாரு."

லோனெத்தின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அறுந்த வலைக்கு முடிச்சுப் போடுகிறவள்போல் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

"அவரு போனப்ப அம்மா முழுகாம இருந்தா. தம்பி பொறந்தான். சொல்லி அனுப்பினோம். பையனா பொண்ணான்னு கேக்கல, என்ன பேருன்னு கேக்கல. ஒரு கூடை கருவாடு வந்துச்சு. சேமிக்னு பேரு வெச்சோம். நடக்கப் பழகினான், காய்ச்சல்ல போயிட்டான். அதையும் சொல்லி அனுப்பினோம்."

"என்ன சொன்னான்?"

"அதுக்கும் கருவாடு."

அடுப்பில் ஈரவிறகு சீறிக்கொண்டிருந்தது.

"மூக்கு போயிடுச்சுன்னா அவரு வந்தே ஆகணும்," என்றாள் லோனெத். "அக்கரைத் தலைவருங்க வெச்சுக்க மாட்டாங்க, அது ரெண்டு கரைக்கும் உள்ள பேச்சு. வந்து மொதல்ல ஒங்க வாசல்ல நிக்கணும். கதவத் தட்டி, செத்தவன் பேரச் சொல்லி, இன்னாரத் தின்னவன் வந்திருக்கேன்னு ஊரு கேக்கச் சொல்லணும்."

"சொன்னான்னா நான் என் அடுப்புலேருந்து நெருப்பு எடுத்துக் குடுக்கணும்டி. குடுத்துட்டா எல்லாம் முடிஞ்சுபோச்சு. அப்புறம் எந்த வீட்டுலயும் அவன் உக்காந்து கஞ்சி குடிக்கலாம்."

"பேரு தப்பாச் சொன்னா?"

அது உல்மெத்துக்குத் தெரியாததா. பெயர் தவறினால் கதவு சாத்தப்படும். அடுத்த விரல்நாள் வரைக்கும் ஊரில் யாரும் அவனுக்கு நெருப்புக் கொடுக்கக் கூடாது. உப்புக் கொடுக்கக் கூடாது. துறையில் இருக்கிற சுவரில்லாத படகுக்கொட்டில்தான் இடம். வெள்ளம் வடிந்த பிறகு வருகிற பனிக்காற்று எப்படியென்று நம் எலும்புக்குத் தெரியும்.

"சொல்லிட்டான்னா?" என்றாள் உல்மெத் மறுபடியும். அந்த ஒரு கேள்வியில்தான் அவளுடைய உயிர் ஊசலாடியது. இத்தனை காலம் கட்டிக்காத்த ஒன்றை, ஒரு பெயரை அவன் ஞாபகம் வைத்திருக்க மாட்டான் என்ற நம்பிக்கையில் பணயம் வைக்கச் சொல்கிறாள் இந்தப் பெண்.

"சொல்ல மாட்டாரு."

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"எங்கப்பன எனக்குத் தெரியும் பெரியம்மா."

லோனெத் போன பிறகு உல்மெத் கொம்பை எடுத்தாள். கொழுப்பை வழித்துக் காசை வெளியே எடுத்தாள். ஹசூக் அவளைப் பார்த்தான். அவன் புருவத்து வெட்டு, உதட்டு ஓரம், தாடையில் இருந்த குழி, எல்லாம் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். தன் மகனுக்கு எந்தக் கன்னத்தில் மச்சம் இருந்தது என்பது மட்டும் சில நாட்களாக அவளுக்குக் குழம்புகிறது. அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை.

கல்லில் உரசினால் கீறல் விழும், கொசெத் கண்டுபிடித்துவிடுவாள். விரல்தோல் தேய்க்கிற தேய்ப்பைத் தோலால்தான் செய்ய முடியும். ஆகவே உல்மெத் பதப்படுத்திய விலாங்குத் தோலை நனைத்து, சலித்த அடுப்புச்சாம்பலைத் தூவி, மூக்கின்மேல் வைத்துத் தேய்க்கத் தொடங்கினாள். நடுநடுவே தோலை எடுத்துவிட்டுத் தன் கட்டைவிரலாலேயே தேய்த்தாள். மீன் புகைந்துகொண்டிருக்கும், இவள் தேய்த்துக்கொண்டிருப்பாள். விரலில் கொப்புளம் வந்து, உடைந்து, மறுபடி வந்தது.

பக்கத்து வீட்டுத் துமெத் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டாள். அப்புறம் கேட்க வேண்டுமா? சாயங்காலத்துக்குள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். ஒருத்தி கெட்டித்தயிர் கொண்டுவந்தாள். ஒருத்தி உல்மெத்தின் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"மனசு எளகிடுச்சா உல்மெத்," என்றாள் துமெத், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எளகிடுச்சு," என்றாள் உல்மெத். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"என்னாலயெல்லாம் முடியாதும்மா. ஒன்ன மாதிரி பெரிய மனசு யாருக்கு வரும்."

"அந்தச் சாம்பல இப்படித் தள்ளு."

விரல்நாள் வந்தது. எப்போதும்போல் முதல்நாளே முள்ளங்கி வாங்கிக் காசைக் கொடுத்திருந்தாள். பர்சூக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அத்தே, வேற காச மாத்திக் குடுத்துட்டியா?" என்றான். "அதே காசுதான், தேச்சுக்கோ," என்றாள். "தேக்கறதுக்கு என்ன இருக்கு இதுல?" என்றபடி அவன் தேய்த்துக்கொண்டான்.

கிணற்றடியில் கொசெத் கூடையிலிருந்து ஒவ்வொரு காசாக எடுத்துத் தடவிக் கீழே போட்டாள். பர்சூக்கின் காசு கைக்கு வந்ததும் நின்றாள். இரண்டு தரம் தடவினாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"விலாங்கு நாத்தம் அடிக்குது," என்றாள்.

கூட்டம் ஓரடி முன்னால் நகர்ந்தது.

"இந்த ஊருல எது அடிக்கல?" என்றாள் உல்மெத் கூட்டத்திலிருந்து. "என்னக் கட்டினவன் அந்த நாத்தத்தோடதான் கட்டினான்."

கூட்டம் சிரித்தது. கொசெத்தும் சிரித்தாள். ஆனால் அவளுடைய பார்வையில்லாத முகம் உல்மெத்தின் குரல் வந்த திசையிலேயே நின்றது. விரல்களுக்குத் தெரியாதது உண்டா? அந்தக் காசில் எத்தனை கை பட்டது, எந்தக் கை பட்டது, என்ன நினைப்பில் பட்டது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவளுக்கும் ஆற்றில் போனவர்கள் உண்டு.

"நல்லா யோசிச்சியா உல்மெத்?" என்று மட்டும் கேட்டாள்.

"யோசிச்சேன்."

"இல்லை," என்றாள் கொசெத், காசைக் கீழே போட்டுவிட்டு. மூக்கு இல்லை.

அழைத்துவரப் போக வேண்டியது சொந்தத்தில் ஒருவர். லோனெத்தே துடுப்புப் போட்டுக்கொண்டு போனாள்.

அவன் வந்த அன்று காலையிலிருந்தே உல்மெத்தின் தெருவில் கால்வைக்க இடமில்லை. அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றாள். அடுப்பில் நெருப்பு கனிந்திருந்தது. கொடுக்க வேண்டி வந்தால் கொடுக்க ஒரு மண்சட்டியும் பக்கத்தில் இருந்தது. அந்தச் சட்டியை அவள் காலால் சுவரோரம் தள்ளிவைத்தாள். படகில் வரும்போது அவன் யாரிடமாவது கேட்டிருப்பான். ஏன் கேட்காமல் இருக்கப்போகிறான்? கிறுக்கச்சி, கிறுக்கச்சி, ஒரு பெண் சொன்னாள் என்று இருந்ததையும் தேய்த்துவிட்டாயே என்று தன்னையே வைதுகொண்டாள்.

உள்ளங்கையால் கதவில் தட்டும் ஓசை. பயந்தவனின் தட்டல் இல்லை அது.

திறந்தாள். வாசலில் நின்றவனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. காசில் இருந்தவன் வேறு. இவன் தொந்தியும் தொங்கின கன்னமுமாக, அக்கரை நெசவில் கம்பளிப் போர்வை போர்த்து, நல்ல சாப்பாடு சாப்பிட்ட மினுமினுப்போடு இருந்தான். துருத்தின மூக்கு ஒன்றுதான் அதே மூக்கு. அவனுக்குப் பின்னால், ஈரப் பாவாடையோடு லோனெத் நின்றாள்.

ஹசூக் தொண்டையைச் செருமிக்கொண்டான். அம்பலத்தில் பேசிப் பழகியவன்போலக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொன்னான்:

"சேமிக்கைத் தின்னவன் வந்திருக்கேன்."

துமெத் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். உல்மெத்துக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு அவன் தோளுக்கு மேலாக லோனெத்தைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. படகில் இவன் கேட்டிருக்கிறான். இவள் சொல்லியிருக்கிறாள்.

"காது சரியாக் கேக்கல," என்றாள் உல்மெத். "கொஞ்சம் ஒரக்கச் சொல்லு."

"சேமிக்கைத் தின்னவன் வந்திருக்கேன்," என்றான் அவன், சத்தமாக.

"கடைசியில நிக்கறவங்களுக்கும் கேக்கணும்ல."

மூன்றாவது தரமும் சொன்னான். இந்தத் தரம் சொல்லும்போதே அவன் குரல் தடுமாறியது. சுற்றிலும் இருந்த முகங்களில் ஏதோ சரியில்லை என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். மகளைத் திரும்பிப் பார்த்தான்.

"இதுதான பேரு? நீதான சொன்ன?"

"இந்தப் பெரியம்மா மகன் பேரு பெரிக்," என்றாள் லோனெத். "சேமிக் ஒங்க பையன்."

"எந்தப் பையன்?" என்றான் ஹசூக்.

உண்மையிலேயே அவனுக்கு ஞாபகம் வரவில்லை. கேட்டுவிட்டு அவளையே பார்த்தான். அப்புறம்தான், மெல்ல மெல்ல, அனுப்பின கருவாட்டுக் கூடைகள் நினைவுக்கு வந்ததுபோல் அவன் முகம் மாறியது. அந்த மாற்றத்தை உல்மெத் ஒரு சொட்டு விடாமல் பார்த்தாள். இத்தனை வருடம் அந்தச் செம்பு முகம் ஒரு தரம்கூட அவளுக்காக மாறியதில்லை.

கதவைச் சாத்தினாள்.

அவன் தட்டினான். பெரிக், பெரிக் என்று கத்தினான். ஒரு பெயருக்குத்தான் இடம் என்று தெருவில் யாரோ அவனுக்கு எடுத்துச் சொல்வது கேட்டது. "அடுத்த விரல்நாளுக்கு வா," என்றாள் உல்மெத் கதவுக்குள்ளிருந்து. கொஞ்ச நேரத்தில் கூட்டம் கலைந்தது. கெஞ்சுகிற குரலில் அவன் வீடு வீடாகப் பழைய சிநேகிதர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போனான். கதவுகள் சாத்துகிற ஓசை தெருக்கோடிவரை போய், துறைப் பக்கம் நின்றது.

மறுபடி கதவைத் திறந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஆற்றிலிருந்து காற்று கிளம்பிவிட்டது. லோனெத் மட்டும் வாசற்கல்லில் உட்கார்ந்து, ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடி," என்றாள் உல்மெத். "பயத்துல என் பாதி உசுரு போயிடுச்சு."

"சொன்னா அவரு முன்னாடியே நீங்க சிரிச்சுருப்பீங்க."

அது நிஜம்தான் என்று உல்மெத்துக்குத் தோன்றியது. உள்ளே போனாள். அடுப்பிலிருந்து நல்ல கனலாகப் பொறுக்கி அந்த மண்சட்டியில் போட்டு, மேலே சாம்பல் மூடி எடுத்துவந்தாள்.

"இந்தா."

"எங்க வீட்டுல நெருப்பு இருக்கு பெரியம்மா."

"இருக்கட்டும். இதையும் கொண்டுபோ. துறைப்பக்கமாப் போ."

அவள் வீட்டுக்குத் துறைப்பக்கம் சுற்றுவழி. லோனெத் உல்மெத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சட்டியை வாங்கி, மேல்சாம்பலை ஊதித் தள்ளினாள். கனல் சிவப்பாகத் தெரிந்தது. அதை இடுப்பில் வைக்காமல், தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நடந்தாள்.

படகுக்கொட்டிலுக்கு நேராக வந்ததும் அவள் நடை இன்னும் மெதுவானது, ஆனால் நிற்கவில்லை. உள்ளேயிருந்து யாரோ எழுந்து நிற்பது தெரிந்தது. உல்மெத் கதவில் சாய்ந்து, கொப்புளம் காய்ந்த விரலைத் தடவிக்கொண்டு, கடைசிவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.